1980-க்குப் பிறகு பாட்டே இல்லையாம்!

போன மாதம் எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. ஆண்டு விழாவில் பாட்டுக் கச்சேரி வைப்பது. உறுப்பினர் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த ஒரு பாட்டை எழுதிக் கொடுப்பது. கீபோர்டும் தபேலாவும் வைத்திருக்கிற பையன்கள் அதைப் பாடுவார்கள். இதுவரை எனக்கு முழுச் சம்மதம். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள்: பாட்டு 1980-க்கு முந்தியதாக இருக்க வேண்டும்.

ஏன் 1980? 1975 ஏன் இல்லை, 1990 ஏன் இல்லை? கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. செயலாளருக்கு அந்த வருஷம் கல்யாணம் நடந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

"அதுக்குப் பொறவு வந்தது பாட்டா ஓய்? வெறும் சத்தம்லா!" என்றார் பக்கத்தில் இருந்தவர். நான் என் சீட்டில் எழுதியிருந்ததை வாசித்தேன். 'என்ஜாய் எஞ்சாமி'. ஒரு நிமிஷம் அமைதி. பிறகு சிரிப்பு. "என்னவே, பேத்தி டான்ஸ் ஆடப் போறாளா?" என்று ஒருவர் கேட்டார். தலைவர் சிரித்துக்கொண்டே என் சீட்டை மடித்துத் திருப்பித் தந்தார். எழுபத்திரண்டு வயதில் என்னைப் பார்த்துச் சிரித்தது பெரிய விஷயமில்லை. அந்தப் பாட்டைப் பார்த்துச் சிரித்ததுதான் எனக்கு ஆறவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். நீங்களும் என் வயதுக்காரர்கள்தான். உங்களிலும் பாதிப்பேர் அந்தக் கூட்டத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

முதலில் நம் கதையைப் பார்ப்போம். என் அப்பாவுக்குப் பாட்டு என்றால் நீலகண்ட சிவன் கீர்த்தனை. அதை விட்டால் சுசீந்திரம் தேரோட்டத்துக்கு வருகிற நாகஸ்வரம். சினிமாப் பாட்டுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'கூத்தாடிப் பாட்டு'. வீட்டில் ரேடியோ வாங்கிய பிறகும் அதில் செய்தியும் கச்சேரியும் மட்டும்தான். சந்திரபாபு பாட்டில் இடையே ஒரு கூவல் கூவுவாரே, அது காதில் விழுந்தால் அப்பா எழுந்து வந்து ரேடியோவை அணைப்பார். "ஒறக்கம் வராத நாய் மாதிரி" என்பார். அந்தச் சந்திரபாபுவின் பாட்டை இன்று நம் கச்சேரிப் பட்டியலில் மூன்று பேர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா தனி ஆள் இல்லை. டெல்லியிலும் அவருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். பி.வி.கேஸ்கர் என்பவர் 1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு மந்திரி. சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் முடிவு. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் கிட்டத்தட்ட ஒழித்துக் கட்டினார். ஆர்மோனியத்துக்கும் அங்கே 1940-லிருந்தே தடை இருந்தது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? குமிழைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். இந்தியாவில் எடுத்த படத்தின் பாட்டைக் கேட்க இந்தியர்கள் கொழும்புக்குக் காது கொடுத்தார்கள். அரசாங்கம் தோற்று, 1957 அக்டோபரில் விவித பாரதி தொடங்கிய பிறகும் நம் பக்கத்தில் இலங்கைதான் ராஜா. கடல் தாண்டி வருகிற அலை குமரிக் கடற்கரையில் எவ்வளவு தெளிவாக விழும் என்பது உங்களுக்குத் தெரியும். சாயாக்கடை வாசலில் நின்று கேட்டவர்கள்தானே நாம்? மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீது என்று அறிவிப்பாளர் பெயரெல்லாம் சொந்தச் சித்தப்பா பெயர் மாதிரி நாக்கில் நிற்கும். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இங்கே திரும்பி வருவேன்.

ஆக, நாம் இன்று தங்கம் என்று சொல்லுகிற பாட்டெல்லாம் ஒரு காலத்தில் பெரியவர்கள் விரட்டிய பாட்டு. 1976-இல் 'அன்னக்கிளி' வந்தபோது, வயலுக்குள் பாடுகிறதைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டான் என்று முகம் சுளித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பாகவதரோடு பாட்டு முடிந்துவிட்டது. நமக்கு 1980-இல் முடிகிறது. முடிவது பாட்டு இல்லை ஓய். இருபது இருபத்தைந்து வயதுக்குள் கேட்டதுதான் மனதில் ஆணி அடித்த மாதிரி நிற்கும் என்று மனநூல்காரர்கள் சொல்கிறார்கள். அந்த வயது தாண்டினால் நாம் கேட்பதை நிறுத்திவிட்டு, கேட்டதையே திரும்பக் கேட்கத் தொடங்குகிறோம்.

இன்னொன்று, யாரும் வெளியே சொல்லாதது. வயதாக ஆக முதலில் போவது மெல்லிய, உயர்ந்த ஓசைகள். ச, த, ப, க என்கிற எழுத்துகளின் கூர்மை அதில்தான் இருக்கிறது. அது போனால் பேச்சு கேட்கும், சொல் பிடிபடாது. பறையும் டிரம்மும் மட்டும் முழுசாக விழும். 'வெறும் சத்தம்' என்று நாம் சொல்வதில் பாதி நம் காதின் குறை. பழைய பாட்டில் இது தெரியாது, ஏனென்றால் வார்த்தை நமக்கு ஏற்கெனவே மனப்பாடம். நான் என்ன செய்கிறேன் என்றால், பேத்தியிடம் பாட்டின் வரிகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்வேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தாளைப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை கேட்பேன். மூன்றாவது தடவை தாள் வேண்டாம். இதைச் செய்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

எல்லாம் பிடிக்கிறது என்று நான் சொல்லவில்லை. காதலித்தவள் போய்விட்டாள் என்று அவளைக் கண்டபடி ஏசுகிற பாட்டு ஒரு காலம் வரிசையாக வந்தது. அதைக் கேட்டால் எனக்குக் கை அரிக்கும். ழகரம் வராதவனைப் பாட வைப்பதும் பிடிக்காது. மிஷினைக் கொண்டு குரலை நேராக்குகிறார்களாம், எல்லாக் குரலும் ஒரே அச்சில் வார்த்த வெல்லம் மாதிரி இருக்கிறது. ஆனால் நம் காலத்தில் குப்பை இல்லையா? இருந்தது. குப்பையை மறந்துவிட்டோம், நல்லதை வைத்திருக்கிறோம். நாற்பது வருஷம் சலித்து எடுத்த அரிசியையும் நேற்று அறுத்த நெல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் பதர் இருக்கிறது என்கிறோம்.

சரி, எனக்குப் பிடித்தது எது?

முதலில் ஒரு சினிமாப் பாட்டு, உங்களை மெதுவாக உள்ளே இழுக்க. 2022-இல் வந்த 'வெந்து தணிந்தது காடு' படத்தில் 'மல்லிப்பூ'. ரகுமான் இசை, தாமரை எழுதியது, மதுஸ்ரீ பாடியது. படத்தின் கதை நம் நாகர்கோவில் ஜெயமோகன். பிழைக்கப் போன கணவனை நினைத்து ஊரில் இருக்கிற மனைவி பாடுவது. நான் தபால் இலாகாவில் முப்பத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன். எண்பதுகளில் வளைகுடாவிலிருந்து பதிவுத் தபால் வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்க வருகிற பெண்களின் முகம் எனக்குத் தெரியும். உள்ளே டிராப்ட் இருக்கும். சில சமயம் தடித்த உறையில் கேசட் இருக்கும். எழுதத் தெரியாதவன் பேசி அனுப்புவான். அதைப் போட்டுக் கேட்க டேப் ரிக்கார்டர் இருக்கிற வீட்டைத் தேடி அவள் போவாள். அந்த வீட்டில் பத்துப்பேர் உட்கார்ந்திருக்க, புருஷன் தனக்கென்று சொன்னதை அவள் எப்படிக் கேட்டிருப்பாள்? எழுபதுகளின் கடைசியில் எஸ்.ஏ.ஜமீல் மலையாளத்தில் 'துபாய் கத்து' என்று ஒரு பாட்டுப் பாடினார். மனைவி புருஷனுக்கு எழுதுகிற கடிதமே பாட்டு. விளவங்கோடு, கல்குளம் பக்கமெல்லாம் அந்தக் கேசட் ஓடியது. 'மல்லிப்பூ' அதன் தங்கச்சி. நம்மில் பலர் வீட்டில் மகனோ மருமகனோ இன்றும் அங்கேதானே இருக்கிறான்? இந்தப் பாட்டை அவர்கள் மனைவிமார் கேட்கிறார்கள். நாம் 'சத்தத்தைக் குறை' என்கிறோம்.

இரண்டாவது, வடக்கே தேட வேண்டாம், மேற்கே எழுபது கிலோமீட்டர். திருவனந்தபுரத்துப் பையன்கள் 'அவியல்' என்று ஒரு ராக் குழு வைத்து 2008-இல் ஒரு ஆல்பம் போட்டார்கள். அதில் 'நட நட' என்று ஒரு பாட்டு. கிட்டார் இடி இடிக்கும், பாடுவது சுத்த மலையாளம். ராக் என்றால் இங்கிலீஷில்தான் பாட வேண்டும் என்கிற எண்ணத்தை உடைத்தவர்களில் அவர்களும் உண்டு. 1956 நவம்பர் வரை நாமும் அந்தப் பக்கத்து ஆட்கள்தானே. நமக்கு அந்த மொழிக்கு உரை எழுதித் தர வேண்டியதில்லை. பெயரும் எனக்குப் பிடிக்கும். அவியலில் எதைப் போட்டாலும் தேங்காய் சரியாக இருந்தால் ஒத்துக்கொள்ளும்.

மூன்றாவது, 2017 ஜனவரியில் வந்த 'சென்னை புறம்போக்குப் பாடல்'. கர்னாடக சங்கீதம் கேட்பவர்கள் ஓடிப் போக வேண்டாம், பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. ஆர்.கே.ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைக்க, கபேர் வாசுகி சென்னைப் பேச்சுத் தமிழில் எழுதியது. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொட்டிக் கிடக்கிற இடத்தில் நின்று பாடுகிறார். புறம்போக்கு என்பது ஊர் எல்லாருக்கும் பொதுவான இடம் என்று ஒரு காலத்தில் பொருள். இன்று அது வசவு. எப்போது வசவாக மாறியதோ அப்போதே ஏரியும் குளமும் யாருக்கும் வேண்டாதது ஆகிவிட்டது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியமாக இருந்தது குளத்தால். அந்தக் குளங்களில் எத்தனை இன்று பிளாட், எத்தனை ஆகாயத் தாமரைக் காடு என்று காலை நடைக்குப் போகிற நமக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்தோம்? அந்தப் பையன் ஒரு பாட்டாவது எழுதினான்.

பாட்டு எழுதினால் என்ன ஆகும் என்பீர்கள். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசத்தால் உடம்பு கெட்டது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் வருஷக் கணக்காகப் போராடினார்கள். ஆலை மூடியது 2001-இல். 2015 ஜூலையில் சோபியா அஷ்ரப் என்கிற சென்னைப் பெண் ஒரு அமெரிக்க ராப் பாட்டின் மெட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கதையை இங்கிலீஷில் பாடினாள். உலகமெங்கும் பார்த்தார்கள். 2016 மார்ச்சில் யூனிலீவர் கம்பெனி 591 பழைய தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. பாட்டு மட்டும் சாதித்தது என்று சொன்னால் அந்தத் தொழிலாளர்களுக்குச் செய்கிற துரோகம். பதினான்கு வருஷமாகச் செய்தித்தாளின் உள்பக்கத்தில் கிடந்ததை அந்தப் பெண் முன்பக்கத்துக்குத் தள்ளினாள், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த பாட்டு என்பதைவிட, எனக்கு மரியாதை உள்ள பாட்டு.

இனி 'என்ஜாய் எஞ்சாமி'.

2021 மார்ச் 7-ஆம் தேதி வெளிவந்தது. எழுதியவர் அறிவு, அரக்கோணத்துப் பையன். பாடியவர்கள் தீயும் அறிவும். இசை சந்தோஷ் நாராயணன். யூடியூபில் 40 கோடி முறைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் பேத்திகள் ஆடுகிறார்கள், உண்மை. ஆட்டம் வருகிற தாளம்தான். ஆனால் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள், நடுவில் இருப்பது ஒப்பாரி. அந்தப் பையனின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர். காட்டைத் திருத்தித் தோட்டம் ஆக்கியவர்களுக்கு அங்கும் நிலமில்லை, இங்கும் இல்லை. அந்தப் பாட்டியை வீடியோவில் ராணி மாதிரி உட்கார வைத்திருக்கிறான். குளமும் மரமும் மனிதனுக்கு மட்டும் உரியதில்லை, மற்ற ஜீவராசிகளுக்கும் பங்குண்டு என்று போகிறது பாட்டு. இதில் எது சத்தம்?

முதல் ஊரடங்கு முடிந்து, தடுப்பூசிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்த சமயம் அது. பேத்தி அப்போது பத்தாம் வகுப்பு. "தாத்தா, இந்தப் பாட்டி சிலோன்லேந்து வந்தவங்களாம். நம்ம கீரிப்பாறையிலயும் அப்பிடி ஆளுக உண்டுன்னு சார் சொன்னாங்க. நீங்க அங்க வேலை பாத்தீங்கல்லா, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

தெரியும். பூதப்பாண்டிக்கு மேலே ஒரு சின்னத் தபால் ஆபீசில் எண்பதுகளில் நான்கு வருஷம் இருந்தேன். கீரிப்பாறை, மணலோடைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வேலைக்குக் கொண்டுவந்து குடி வைத்தவர்கள் அவர்கள். நம் ஆட்கள் 'சிலோன்காரங்க' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 1948-இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கே. மீதி ஒன்றரை லட்சத்தை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அரிசி மூட்டை பிரிக்கிற மாதிரி. அவர்களில் யாரையும் யாரும் கேட்கவில்லை. தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் சிலரை நீலகிரித் தேயிலைக்கு அனுப்பினார்கள், சிலரை நம் மலைக்கு. வனத்துறை நட்ட ரப்பர் அது, 1984-இல் அரசு ரப்பர் கழகம் என்று தனியாக ஆனது. தேயிலை கிள்ளின கை, விடியுமுன் எழுந்து பால்வெட்டப் பழகிக்கொண்டது.

இந்த வருஷமும் எண்ணிக்கையும் எல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவர்கள் வந்தால் நீலக் கடிதத்தாள் வாங்குவார்கள்.

ஒரு அம்மா வருவார். ஐம்பது வயது இருக்கும். தங்கைக்கு எழுதிக் கேட்பார். தங்கை ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்தில். எனக்கு நேரம் இருந்தால் எழுதிக் கொடுப்பேன், இல்லையென்றால் நாளைக்கு வரச் சொல்வேன். நாளைக்கு வா என்றால் அவருக்கு ஒரு நாள் கூலி போயிற்று என்பது என் மண்டையில் ஏறியதில்லை. "ஐயா, தங்கச்சி கடுதாசி வந்திருக்குங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிற நாளும் உண்டு.

1983 ஜூலையில் அங்கே என்ன நடந்தது என்று நமக்கெல்லாம் தெரியும். இங்கே கடையடைப்பு, ஊர்வலம். நானும் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு போனேன். அந்த வருஷக் கடைசியில் அந்த அம்மா அனுப்பிய கடிதம் திரும்பி வந்தது, ஆளில்லை என்று முத்திரை விழுந்து. அவர் வந்தபோது எடுத்துக் கொடுத்தேன். "திரும்பி வந்துட்டு" என்றேன். அவர் அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். தன் கடிதமே தன் கைக்கு வந்தது அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். போய் வராந்தாவில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு ராகம் கேட்டது. அழுகை இல்லை, பாட்டுத்தான். தங்கையை விளித்து, அவள் சிறு பிள்ளையாக இருந்தது, லயத்து வீடு, கொழுந்துக் கூடை, கப்பலில் ஏறின நாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பாடினார். கவுண்டரில் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். எனக்குக் கணக்கு முடித்துப் பையைக் கட்டிப் பஸ்ஸில் ஏற்ற வேண்டும்.

நான் எழுந்து போய்ச் சொன்னேன்: "அம்மா, இது ஆபீஸ். இங்க வச்சு ஒப்பாரி வைக்கப்பிடாது."

அவர் உடனே நிறுத்தினார். "மன்னிச்சுக்கங்க ஐயா" என்றார். முந்தானையில் கடிதத்தை முடிந்துகொண்டு போனார். பிறகு மாற்றலாகிப் போகிறவரை அவர் கடிதத்தாள் வாங்க வரவில்லை.

இலங்கையிலிருந்து வந்த பாட்டைக் கேட்கச் சாயாக்கடை வாசலில் மணிக்கணக்கில் நின்றவன் நான். அறிவிப்பாளர்கள் பெயரை வரிசையாகச் சொன்னேனே, இன்றும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அதே தீவிலிருந்து வந்து, நான்கு வருஷம் என் கவுண்டர் முன்னால் நின்ற அந்த அம்மாவின் பெயர் எனக்கு நினைவில்லை. எத்தனை கடிதத்தில் அதை என் கையால் எழுதியிருப்பேன்!

பேத்தியிடம் தெரியும் என்று மட்டும் சொன்னேன். அன்று இரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டேன் என்று எண்ணவில்லை. வராந்தாவில் நான் நிறுத்திய இடத்திலிருந்து யாரோ ஒரு பேரன் எடுத்துப் பாடுகிற மாதிரி இருந்தது. நாற்பது வருஷம் கழித்து முழுசாகக் கேட்டேன்.

இப்போது சங்கத்தில் நடந்ததைப் பாருங்கள். 'இங்க வச்சு அதைப் பாடப்பிடாது' என்றுதானே நீங்களும் சொல்கிறீர்கள்?

"ராப் எல்லாம் நம்ம பாரம்பரியமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்டவர் வருஷம் தவறாமல் கொடைக்கு வரி கொடுத்து வில்லுப்பாட்டு வைப்பவர். வில்லுப்பாட்டில் என்ன நடக்கிறது? புலவர் வீசுகோலால் வில்லைத் தட்டிக்கொண்டு பாதி பேச்சாகவும் பாதி பாட்டாகவும் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போவார். பக்கத்தில் குடமும் உடுக்கையும். பின்பாட்டுக்காரர் ஒவ்வொரு அடிக்கும் ஆமா போடுவார். சொல்லப்படுவது யார் கதை? அநியாயமாகச் செத்தவர்கள் கதை. முத்துப்பட்டன் கதை என்ன, நீலி கதை என்ன? கொலையுண்டு, கேட்க நாதியில்லாமல் போனவர்கள் தெய்வமாகி நின்று நியாயம் கேட்பதுதானே? கூட்டத்தில் நம்மில் பாதிப்பேர் எழுதிக் கொடுத்த டூயட் பாட்டுகளைவிட, தாளத்தோடு பேசி, செத்தவர்களைக் கூப்பிட்டு, கணக்குக் கேட்கிற இந்தப் பாட்டுத்தான் நம் சுடலைமாடன் கோயில் முற்றத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ஒழுகினசேரி என்.எஸ்.கிருஷ்ணன் 1949-இல் 'நல்லதம்பி' படத்தில் கிந்தனார் காலட்சேபம் செய்தாரே, அது என்ன? நந்தனாரைக் கிந்தனாராக்கி, சிதம்பரத்துக்குப் பதிலாகப் பட்டணத்துக்கு ரயில் ஏற்றி, படிக்க வைத்து அதிகாரியாக்கிக் கொண்டுவந்தார். பழைய கதாகாலட்சேபத்தை எடுத்துப் புது விஷயத்தைப் போட்டார். அன்றைக்கு அதைக் கேட்டு முகம் சுளித்த பாகவதர்கள் இருந்திருக்க மாட்டார்களா? கலைவாணர் படத்துக்கு நாம் மாலை போடுவோம். அவர் செய்த அதே வேலையைப் பறையும் கிட்டாரும் கானாவும் ராப்புமாகச் சென்னையில் 2018 ஜனவரியிலிருந்து 'கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பிள்ளைகள் செய்தால் அது சத்தம். அறிவும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவன்தான். அதில் இசைவாணி என்று ஒரு பெண் கானா பாடுவாள். ஆண்கள் மட்டுமே பாடிக்கொண்டிருந்த இடத்தில் நுழைந்த துணிச்சலுக்காகவே கேட்கலாம்.

ஒன்று மட்டும் அந்தக் காலத்திலிருந்து மாறவே இல்லை. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் 'என்ஜாய் எஞ்சாமி' பாடப்பட்டது. தீ பாடினார், கிடாக்குழி மாரியம்மாள் பாடினார். அறிவு மேடையில் இல்லை. யார் பங்கு எவ்வளவு என்று அதன்பிறகு வாக்குவாதம். யார் சரி என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாட்டியின் கதை மேடை ஏறும்போது பேரன் மேடையில் இல்லை என்பது உறுத்தியது. நம் வில்லுப்பாட்டு ஏடுகளிலும் கட்டியவன் பெயர் இல்லாமல் எத்தனை கிடக்கிறது.

நேற்றுச் செயலாளர் போன் பண்ணினார். நல்ல மனிதர், சண்டை வேண்டாம் என்று நினைப்பவர். "ஓய், ஒமக்காகப் பேசிட்டேன். கச்சேரி முடிஞ்சு எல்லாரும் சாயா குடிக்குத நேரம் ஸ்பீக்கர்ல போட்டுக்கிடலாம். ஒரு தடவை மட்டும்" என்றார்.

வேண்டாம் என்றேன். கடவுள் வாழ்த்து முடிந்தவுடன், எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, வரிகளை அச்சடித்து ஆளுக்கு ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போட வேண்டும். அச்சுக்கூலி என்னுடையது. கீரிப்பாறைப் பக்கத்திலிருந்து நாலு பேரைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும், அவர்கள் பஸ் காசும் என்னுடையது. முடியாது என்றால் நான் கட்டின சந்தா முந்நூறு ரூபாயைத் திருப்பித் தந்துவிட வேண்டும்.

"கமிட்டியில கேட்டுச் சொல்லுகேன்" என்று வைத்துவிட்டார். எண்பது தாள் அச்சடிக்கக் கொடுத்திருக்கிறேன். எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.